கொடி என்றுதான் சொன்னேன்

அரசு தன் மஞ்சள் சட்டையைக் கழற்றித் துடுப்பின் நுனியில் கட்டி ஆட்டியதை நான் பார்த்தேன். லோகுவும் பார்த்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் கடலையும் காற்றையும் பற்றிப் பேசிப் பேசியே சொல்லாமல் முடித்துவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு இப்போது நன்றாக வந்துவிட்டது.

போன மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை. நானும் லோகுவும் நண்டு வலையை எடுத்துக்கொண்டு கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். மணி எட்டு இருக்கும். லோகு பின்னால் உட்கார்ந்து இன்ஜினைப் பிடித்திருந்தான். நான் நடுவில், வலைக் குவியலின் மேல் ஈரச் சாக்கை இழுத்து மூடிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது தெற்கே, கூப்பிட்டால் கேட்காது, ஆனால் ஆளை அடையாளம் தெரியும் என்கிற தூரத்தில், ஒரு சின்ன பைபர் தெப்பம் நின்றுகொண்டிருந்தது. அதில் ஒற்றை ஆள். எங்கள் ஊருக்குத் தெற்கே இரண்டு குப்பம் தள்ளி இருக்கும் அரசு. தூண்டில் போடுகிறவன். கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாக வந்திருக்கிறான். இன்ஜின் நின்று போயிருக்க வேண்டும். அவ்வளவு தூரத்தில் செல்போன் எடுக்காது.

எங்கள் கடலில் எழுதி வைக்காத சட்டம் ஒன்று உண்டு. துடுப்பில் துணியைக் கட்டி ஆட்டினால், பார்த்த படகு திரும்பியே ஆக வேண்டும். பங்காளிச் சண்டையோ ஊர்ச் சண்டையோ கோர்ட்டு கேஸோ, கரைக்கு வந்த பிறகு மறுபடி ஆரம்பித்துக்கொள்ளலாம்.

"லோகு, அரசுடா. துணி ஆட்டுறான்" என்றேன்.

"பார்த்தேன், பார்த்தேன்."

இன்ஜின் சத்தம் குறையவில்லை.

"திருப்புடா."

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "போன மாசம் என் வலைக்கொடி அவன் கண்ணுக்குத் தெரியல இல்ல? இப்ப அவன் துணி என் கண்ணுக்குத் தெரியல, மச்சான்."

நான் சிரித்தேன்.

வலை போட்டால் இரண்டு முனையிலும் மிதவையில் மூங்கில் குச்சி நட்டுப் பழந்துணியைக் கட்டிவிடுவோம். இங்கே வலை கிடக்கிறது, சுற்றிப் போ என்று அர்த்தம். அதற்கு முந்தின மாதம் அரசுவின் தெப்பம் லோகுவின் வலைமேல் ஏறி நான்கு இடத்தில் அறுத்துவிட்டது. லோகு அவன் குப்பத்துக்கே போய்க் கேட்டான். அரசு பத்துப் பேர் நடுவில், "கொடி நட்டேன்னு சொல்ற. இன்னா கொடி அது, உங்கம்மா புடவைக் கிழிசலா? எனக்குத் தெரியலயே" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். லோகுவின் அம்மா இறந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை.

அதனால் அந்த நகைச்சுவை எனக்குப் புரிந்தது. லோகு அவ்வளவு பொருத்தமாகச் சொன்னதால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின் மறுபடி தெற்கே பார்த்தேன். மஞ்சள் துணி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்துகொண்டிருந்தது.

"கொஞ்ச நேரம் தவிக்கட்டும். பின்னால ரெண்டு போட்டு வந்துகினு கீது பாரு. அவங்க கயிறு போட்டு இழுத்துகினு வருவாங்க" என்றான் லோகு. உண்மையிலேயே பின்னால் இரண்டு படகுகள் தெரிந்தன. அவை வடக்கே கோவளம் பக்கம் திரும்பிவிட்டதைப் பிறகுதான் தெரிந்துகொண்டோம்.

எழுந்து நான்கு அடி வைத்திருந்தால் இன்ஜின் என் கையில் இருந்திருக்கும். லோகு என்னோடு மல்லுக்கட்டியிருக்க மாட்டான். "சரி போ, உன் சகலையாச்சே" என்று சொல்லி விட்டுக்கொடுத்திருப்பான். அரசுவின் மனைவி பானுமதி என் மனைவி ரஞ்சிதாவுக்குச் சித்தப்பா மகள். அந்த நான்கு அடியை நான் வைக்கவில்லை. சாக்கின் ஓரத்தை மறுபடி இழுத்துவிட்டேன்.

கரையில் படகு ஏறியதும் ஊர்த் தலைவர் சடையன் வந்தார். எந்தப் படகு ஏறினாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"கடல்ல யாரு கீறாங்க?"

நான் லோகுவைப் பார்த்தேன். அவன் சொல்வான் என்று நினைத்தேன். சொன்னால் ஐந்து நிமிடத்தில் ஒரு படகு இறங்கிவிடும். அவன் கணக்குப்படி அரசு தவித்ததும் போதும்.

"நம்ம ஊர்ல எல்லாரும் வந்தாச்சி, அண்ணாத்த" என்றான் லோகு.

அது பொய் இல்லை. வலையை மணலில் விரித்து நண்டு பிரிக்க உட்கார்ந்தோம். கொடுக்கு சிக்கினால் அவசரப்படக் கூடாது; ஒவ்வொரு காலாக விடுவிக்க வேண்டும். ஒன்பதரைக்கு நாஸ்தா வந்தது. லோகு என் இலையில் இரண்டு இட்லி கூடுதலாக வைத்தான். பதினொரு மணிக்கு வாடைக் காற்று பிடித்தது. முதலில் மணல் மட்டும் பறந்தது. பிறகு கடல் முழுக்க வெள்ளையாக மடிய ஆரம்பித்தது. லோகு தலையைத் தூக்கித் தெற்கே பார்த்தான். நானும் பார்த்தேன். இருவரும் குனிந்து மறுபடி நண்டைப் பிரித்தோம்.

மூன்று மணிக்கு ரஞ்சிதாவுக்குப் பானுமதி போன் செய்தாள்.

தேடப் போன படகுகளில் முதலில் இறங்கியது எங்களுடையதுதான். அந்த அலையில் வேறு யாரும் அவ்வளவு சீக்கிரம் துணியமாட்டார்கள். மற்றவர்கள் வடக்கு எது, தெற்கு எது என்று கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது லோகு யாரையும் கேட்காமல் ஒரே இடத்துக்கு நேராகப் போனான். அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. வட்டமடித்தான். இன்னும் பெரிய வட்டமடித்தான். "அரசு! டேய் அரசு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். வெளிச்சம் போகும்வரை தேடினோம். அலை முகத்தில் அடித்ததில் அவன் அழுதானா என்று எனக்குத் தெரியவில்லை. கரைக்கு வந்ததும் அரசுவின் குப்பத்துக்காரர்கள் லோகுவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பகையை மறந்து வந்தான் என்று சொன்னார்கள்.

நான்காம் நாள் சதுரங்கப்பட்டினம் பக்கம் உடல் ஒதுங்கியது. அதற்கு முந்தின நாளே தெப்பம் கிடைத்திருந்தது, கவிழ்ந்தபடி. கயிற்றில் மாட்டிக்கொண்டு துடுப்பும் கூடவே வந்திருந்தது. அதன் நுனியில் மஞ்சள் சட்டை. இரண்டு கைகளையும் சேர்த்துப் போட்ட முடிச்சு உப்பில் ஊறி இறுகிக் கிடந்தது. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள்.

துணி கட்டியிருக்கிறான் என்றால் யாரோ பார்க்காமல் போயிருக்கிறார்கள். அல்லது பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கோவளத்துப் படகுக்காரர்கள், எட்டு மணிக்கு அந்த வழியில் லோகு படகு போனதாகச் சொன்னார்கள்.

இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் எங்கள் கன்னியம்மன் கோயில் முன்னால் கூடியது. காலை பத்து மணி. கோயிலுக்குப் பின்னால் சவுக்குத் தோப்பைத் தாண்டினால் ரோடு. சுற்றுலா வேன்கள் மாமல்லபுரத்துக்குப் பாட்டுப் போட்டுக்கொண்டு போய்க்கொண்டிருந்தன.

"பார்த்தேன்" என்றான் லோகு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மஞ்சளா ஒண்ணு பார்த்தேன். வலைக்கொடின்னு நினைச்சேன். அந்தப் பக்கம் நூறு கொடி கீது. சுத்திகினு வந்துட்டேன்."

கூட்டத்தில் தலைகள் ஆடின. எங்கள் கடலில் பிழைக்கிற யாருக்கும் அது நடக்கக்கூடிய தவறு. பாதிப் பேர் ஒரு நாளாவது அப்படி ஏமாந்திருப்பார்கள். கடல் தெரியாதவன் இப்படி ஒரு சாக்கை யோசித்திருக்கவே முடியாது.

அரசுவின் ஊர்க்காரர்கள் கற்பூரம் கேட்டார்கள். லோகு குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். தட்டில் எரிந்த கற்பூரத்தின் மேல் வலது உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தான். அடுத்தது நான்தான் என்று நினைத்தேன். அணைத்திருப்பேனா, அங்கேயே உடைந்திருப்பேனா? இன்றுவரை யோசிக்கிறேன். உடைந்திருப்பேன் என்று நம்ப ஆசையாக இருக்கிறது.

"ஒரு போட்டுக்கு ஒரு சத்தியம் போதும். இன்ஜின் புடிச்சவன் செஞ்சாச்சி" என்றார் சடையன். பிறகு என் பக்கம் திரும்பினார். "வாசு, நீ சொல்லு. உனக்கு எப்புடித் தெரிஞ்சுது?"

கடலோரக் கூட்டங்களில் அமைதி என்பதே கிடையாது; எப்போதும் அலை பேசிக்கொண்டிருக்கும். அன்று அது எனக்குக் கேட்கவில்லை. லோகு என்னைப் பார்க்கவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொடி மாதிரிதான் தெரிஞ்சுது" என்றேன்.

கூட்டம் கலைந்த பிறகு படகு மறைவில் லோகு குந்தி உட்கார்ந்தான். "கால் மணி நேரம் தவிக்கட்டும்னுதான்டா. திரும்பிப் போவலாம்னுதான் இருந்தேன். சாமி சத்தியமா" என்றான். அந்தச் சொல் வாயில் வந்ததும் நிறுத்திக்கொண்டான். பிறகு முழங்காலில் முகத்தை வைத்து மாடு மாதிரி சத்தம் எழுப்பி அழுதான். என் கை தானாக அவன் முதுகுக்குப் போனது. தட்டிக்கொடுத்தேன்.

அவன் யார் என்றும் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய பெருமழையில் ரஞ்சிதாவுக்கு வலி கண்டபோது ரோட்டுக்குப் போகும் வழி முழுக்க இடுப்பளவு தண்ணீர். ஆம்புலன்ஸ் வரவில்லை. நான் கை கால் உதறி நின்றேன். லோகு அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நடந்தான். ஒரு பால் வண்டியின் குறுக்கே படுத்து அதை நிறுத்தினான். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்துவிட்டு, "உன் பொண்டாட்டி ஒடம்புல ஓடுறது என் ரத்தம்டா, இனிமே என்னைத்தான் திட்டுவா பாரு" என்று சிரித்தான். அன்று பிறந்த என் மகள் அவனை மாமா என்று கூப்பிடுகிறாள்.

இதைத் தராசின் ஒரு தட்டில் வைக்கிறேன். எதை எதிர்த் தட்டில் வைப்பது என்று தெரியும். வைக்கக் கை வரவில்லை.

அன்று மாலை சடையன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "எனக்குத் தெரியாதுன்னு நினைக்கறியா? துடுப்புல ஆட்டுற துணிக்கும் குச்சியில கட்டுன துணிக்கும் வித்தியாசம் தெரியாதவன் இந்த ஊர்ல பொறக்கல" என்றார். "சொன்னா இன்னா ஆவும்? போனவன் வருவானா? ரெண்டு ஊரும் வெட்டிகினு சாவும். வாய மூடிகினு பொழப்பப் பாரு."

பஞ்சாயத்தில் தலையாட்டியவர்களில் எத்தனை பேர் இப்படித் தெரிந்துகொண்டு ஆட்டினார்கள் என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த வாரம் முழுக்க ஊரில் லோகுவிடம் எல்லோரும் மிகவும் அன்பாக இருந்தார்கள். டீக்கடையில் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். யாரும் அவன் வலது கையைப் பார்க்கவில்லை.

ரஞ்சிதாவிடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு நாள் அடுப்படி வாசலில் போய் நின்றேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே, "லோகு அண்ணன் அப்படியெல்லாம் செய்யாது" என்றாள். கத்தி நின்றது. "அதுக்குமேல, நீ போட்டுல இருந்த. நீ பார்த்துகினு சும்மாவா இருந்திருப்ப?" மறுபடி நறுக்க ஆரம்பித்தாள். அது கேள்வி இல்லை. என் பேச்சுக்குக் கதவைச் சாத்திவிட்டாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்தேன்.

காரியம் முடிந்து மூன்றாம் நாள் மதியம் பானுமதி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நெற்றி வெறுமையாக இருந்தது. உள்ளே கூப்பிட்டும் வராமல் வாசல்படியிலேயே உட்கார்ந்தாள். ரஞ்சிதா அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நின்றேன்.

"அந்தச் சட்டை நான் எடுத்துக் குடுத்தது, மாமா. தீவாளிக்கு. திருப்போரூர்ல. மஞ்சள் வேணாம், கடைக்குத் தொங்க வுட்ட பல்பு மாதிரி கீதுன்னு சண்ட போட்டாரு. இருட்டுல கூடத் தெரியும், போட்டுகினு போன்னு நான்தான் சொன்னேன்."

ரஞ்சிதா அழுதாள். பானுமதி அழவில்லை.

"சண்டைக்கு வரல. லோகு அண்ணன் கற்பூரம் அணைச்சாரு. அதோட முடிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு கேக்கத்தான் வந்தேன்." அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எங்க ஊர்ல இன்னா பேசிக்கிறாங்க தெரியுமா? துடுப்ப ஆட்டாம நட்டு வச்சிட்டு உக்காந்துட்டாராம். அதனாலதான் கொடி மாதிரி தெரிஞ்சுதாம். ஒரு துணி ஆட்டத் தெரியாதவன் இன்னாத்துக்குடா கடலுக்குப் போனான்னு என் மாமனாரே சொல்றாரு. பெத்தவரு சொல்றாரு, மாமா. என் பையன் பக்கத்துல நின்னு கேட்டுகினு கீறான். நேத்து என்னைக் கேக்குறான், எங்கப்பாவுக்கு ஒண்ணும் தெரியாதாம்மான்னு."

நான் சொன்ன மூன்று வார்த்தைகள் அவர்கள் வீட்டுக்குள் போய் உட்கார்ந்திருந்தன. அரசு செத்ததற்குக் காரணம் வேண்டியிருந்தது. லோகு இல்லை என்று ஆனதும், மிச்சம் இருந்தது அரசு மட்டும்தான்.

"ஆட்டினாரா மாமா? அத மட்டும் சொல்லு. நான் யாருகிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். என் பையன்கிட்ட மட்டும் சொல்லிக்கிறேன்."

ரஞ்சிதா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். உள்ளே என் மகள் வாய்ப்பாடு படித்துக்கொண்டிருந்தாள். ஏழெட்டு ஐம்பத்தாறு. ஏழொன்பது அறுபத்து மூன்று. ஆட்டினார் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும்: அப்படியென்றால் கொடி என்று எப்படி நினைத்தீர்கள்? அதற்கடுத்து லோகு வருவான். அவனுக்குப் பின்னால் நான் வருவேன், சிரித்துக்கொண்டு.

லோகுவைக் காப்பாற்றுகிறேன் என்றுதான் அதுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வாசலில் நின்றபோது அது இல்லை என்று தெரிந்தது.

"தூரமா இருந்துச்சி, பானு" என்றேன்.

"ஆட்டினாரா?"

"கொடி மாதிரிதான் இருந்துச்சி."

அவள் புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். "சரி மாமா. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். ரஞ்சிதா காப்பி குடித்துவிட்டுப் போகச் சொன்னாள். பஸ் வந்துவிடும் என்று சொல்லிவிட்டுத் தோப்புப் பக்கம் நடந்தாள்.

அன்றிலிருந்து ரஞ்சிதா என்னிடம் குறைவாகப் பேசுகிறாள். சண்டை எதுவும் இல்லை. சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள். எப்போதாவது நான் தலை நிமிரும்போது அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உடனே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

லோகுவோடுதான் இன்னும் கடலுக்குப் போகிறேன். வேறு படகில் போனால் ஏன் என்று கேட்பார்கள். முதல் இரண்டு வாரம் அவன் வாயே திறக்கவில்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய லோகு திரும்பி வந்தான். கேலி பேசுகிறான். பிளாஸ்கிலிருந்து எனக்கு முதலில் டீ ஊற்றிக் கொடுக்கிறான். அப்போது உள்ளங்கையில் ரோஜா நிறத்தில் பளபளக்கும் புதுத்தோல் தெரியும்.

நேற்றுக் காலை அந்த இடத்தைத் தாண்டினோம். யாரோ வலை போட்டிருந்தார்கள். மிதவையில் மூங்கில் குச்சி. அதில் மஞ்சளாக ஏதோ துணி. காற்று இல்லை. லோகு இன்ஜினைக் குறைத்தான். நெற்றியில் கையை வைத்து ரொம்ப நேரம் அதைப் பார்த்தான்.

"தா பாரு, மச்சான். இப்புடித்தான இருந்துச்சி? அச்சு அசலா இப்புடியேதான். எவனா இருந்தாலும் ஏமாந்திருப்பான்."

அவன் முகத்தைப் பார்த்தேன். நடிப்பு இருக்கும் என்று தேடினேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பார்க்கிற முகம். அதில் பொய் எங்கே வந்து உட்காரும் என்று எனக்குத் தெரியும். அந்த இடம் சுத்தமாக இருந்தது. அவன் நிம்மதியாக இருந்தான். உண்மையில் நடந்ததைத்தான் சொல்கிறான், அவனைப் பொறுத்தவரை.

"ஆமா" என்றேன்.

அவன் இன்ஜின் வேகத்தைக் கூட்டினான். கரைக்கு வரும்வரை நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த மார்கழிக் காலையைக் கொண்டுவந்து பார்த்தேன். தெப்பம் வந்தது. ஒற்றை ஆள் வந்தான். மஞ்சள் சட்டை வந்தது. அது ஆடியதைப் பார்த்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் மறந்துவிட்டான். இனி அது ஆடுவதற்கு என் தலையைத் தவிர வேறு இடம் இல்லை.

எவ்வளவோ முயன்றேன். சட்டை குச்சியில் கட்டியதுபோல நேராக நின்றது.